கோழியை எறியும் பீரங்கி

எலகங்காவில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை விமானக் கண்காட்சி நடக்கும். அந்த நாட்களில் சுற்றுவட்டார இறைச்சிக் கடைகளை மூடச் சொல்வார்கள். 2023இல் விமானப்படைத் தளத்தைச் சுற்றி 10 கிலோமீட்டருக்குத் தடை. 2025இல் அது 13 கிலோமீட்டர் ஆனது. ஜனவரி 23 முதல் பிப்ரவரி 17 வரை கடை திறக்கக் கூடாது என்று அப்போதைய மாநகராட்சி அறிவித்தது.

எங்கள் மாலை வகுப்புக்கு வரும் ஓர் அண்ணன் கோழிக்கடை வைத்திருக்கிறார். அந்த நோட்டீசை அவரே எழுத்துக்கூட்டிப் படித்தார். படித்து முடித்ததும் கோபம் வந்துவிட்டது.

"பருந்து வரும்னு கடையை மூடச் சொல்றாங்க. பருந்து வெறும் இறகும் சதையும். விமானத்துல மோதினா பருந்துதானே சாகும் டீச்சர்?"

நல்ல கேள்வி. எனக்கு அன்று பதில் தெரியவில்லை. பிறகு தேடிப் படித்தேன்.

பறவை மெத்தென்றுதான் இருக்கிறது. ஆனால் வேகம் அதை மாற்றிவிடுகிறது. வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் சக்தி நான்கு மடங்காகும். மூன்று மடங்கானால் ஒன்பது மடங்காகும். ஒரு கிலோ எடையுள்ள பறவை மீது விமானம் மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் மோதுகிறது என்று வையுங்கள். 50 கிலோ அரிசி மூட்டையை 7 மீட்டர் உயரத்திலிருந்து கீழே போட்டால் எவ்வளவு சக்தியோ அவ்வளவு. அதாவது, இரண்டு மாடி வீட்டின் மொட்டை மாடியிலிருந்து மூட்டை விழுகிறது. கண்ணாடிக்குப் பின்னால் விமானி உட்கார்ந்திருக்கிறார்.

கண்ணாடி தாங்குமா என்று எப்படிப் பார்ப்பது? அதற்குத்தான் ஒரு பீரங்கி இருக்கிறது. இதில் வெடிமருந்து கிடையாது. பெரிய தொட்டியில் காற்றை அழுத்தி அடைக்கிறார்கள். நீண்ட குழாயில் செத்த கோழியை ஓர் உறையில் வைக்கிறார்கள். காற்றைத் திறந்துவிட்டால் கோழி விமான வேகத்தில் பாய்ந்து கண்ணாடியில் மோதும். அதிவேகக் கேமரா அதைப் படம் பிடிக்கும். கோழிக்குப் பதில் ஜெலட்டின் கட்டியையும் இப்போது பயன்படுத்துகிறார்கள். நம் பெங்களூரிலேயே, என்.ஏ.எல். என்னும் தேசிய வான்வெளி ஆய்வகத்தில் இப்படி ஒரு காற்றுப் பீரங்கி உண்டு.

யாரோ ஐஸில் உறைந்த கோழியை அப்படியே வைத்துச் சுட்டுவிட்டார்களாம், கண்ணாடி தூளாகிவிட்டதாம். உலகம் முழுக்கச் சொல்லும் வேடிக்கைக் கதை இது. கோழிக்கடை அண்ணன் இதற்குத்தான் அதிகம் சிரித்தார்.

பெரிய பயணிகள் விமானத்தின் முன் கண்ணாடி 1.8 கிலோ பறவையைத் தாங்க வேண்டும். பறவை உள்ளே வரக் கூடாது. அந்தக் கண்ணாடி ஒரே பலகை அல்ல. கண்ணாடிக்கு நடுவே பிளாஸ்டிக் அடுக்கு இருக்கும். கண்ணாடி விரிசல் விட்டாலும் பிளாஸ்டிக் வளைந்து கொடுத்துப் பிடித்துக்கொள்ளும். குளிரில் பிளாஸ்டிக் விறைத்துவிடும் அல்லவா? அதனால் மின்சாரத்தால் அதைச் சூடாகவே வைத்திருக்கிறார்கள்.

எஞ்சின் கதை வேறு. பெரிய பறவை உள்ளே போனால் எஞ்சின் தொடர்ந்து ஓட வேண்டும் என்று சோதனையில் கேட்பதில்லை. உடைந்த துண்டுகள் வெளியே சிதறக் கூடாது. ஆபத்தில்லாமல் அதை நிறுத்த முடிய வேண்டும். அவ்வளவுதான். இன்னொரு எஞ்சினை நம்பி விமானம் தரையிறங்கும். 2022 ஜூன் 19 அன்று பாட்னாவில் அப்படித்தான் நடந்தது. பறவை மோதி ஓர் எஞ்சினில் தீப்பொறி பறந்தது. விமானி திரும்பி வந்து இறக்கினார். பயணிகள் 185 பேரும் பிழைத்தார்கள்.

ஆனால் கண்காட்சியில் பறக்கும் தேஜஸ் போர் விமானத்துக்கு ஒரே எஞ்சின்தான். அது தாழ்வாகவும் பறக்கும். பருந்து வட்டமிடும் உயரமும் அதுதான். பருந்து அங்கே வருவது தெருவில் கிடக்கும் குடலுக்கும் தோலுக்கும்.

அடுத்த வகுப்பில் இதையெல்லாம் சொன்னேன். அண்ணன் பேசாமல் கேட்டார். பிறகு சொன்னார்:

"சரி டீச்சர், ஒத்துக்கறேன். ஆனா மத்த நாள்ல விமானம் பறக்கலையா? அப்ப பருந்து இல்லையா? தினமும் கழிவு வண்டி வந்தா நான் ஏன் ரோட்டுல கொட்டப் போறேன்? நாலு வாரம் கடை மூடினா வாடகை யார் தருவா?"

இதற்கு எந்தப் புத்தகத்திலும் எனக்குப் பதில் கிடைக்கவில்லை. "இதையே மனுவாக எழுதுங்க அண்ணா" என்றேன். இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினார். ஒன்றரைப் பக்கம் வந்தது. தெருவில் உள்ள இன்னும் ஆறு கடைக்காரர்கள் கையெழுத்துப் போட்டார்கள். அதில் இருவர் எங்கள் வகுப்புக்கு வந்த பிறகு கைநாட்டை விட்டவர்கள்.