பூதமும் சிரிப்பும்

பூதம் என்றதும் அஞ்சுவது உலக வழக்கு. ஆயினும், அதே பூதம் திரையில் தோன்றியவுடன் சிறுவரும் முதியோரும் ஒருங்கே சிரிக்கின்றனரே, அது ஏன்? 1967-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘பட்டணத்தில் பூதம்’ என்னும் படத்தைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

எம். வி. இராமன் இயக்கிய இப்படத்தில் ஜெய்சங்கரும் நாகேஷும் நண்பர்கள். நெடுங்காலம் சாடியில் அடைபட்டிருந்த ‘ஜீபூம்பா’ என்னும் பூதம் அவர்களால் விடுதலை பெற்று, அவர்களுக்கே ஏவலாளாகின்றது. பூதமாக நடித்தவர் எழுத்தாளர் ஜாவர் சீதாராமன். இத்தகைய கதைக்கு முன்னோடி, ஆங்கிலேயரான எப். ஆன்ஸ்டி 1900-இல் எழுதிய ‘பித்தளைக் குப்பி’ என்னும் நாவல். அதில், தன்னை விடுவித்த இளைஞனுக்குப் பூதம் நன்றிக்கடனாக ஒட்டகங்களின் மேல் செல்வத்தை ஏற்றி அனுப்புகின்றது. அவனோ வாடகை அறையில் குடியிருப்பவன்! அளவற்ற ஆற்றல் உண்டு. ஊர் நடப்புத் தெரியாது. இந்த முரணே நகைச்சுவையின் ஊற்று.

நம் மாத்தளைத் தோட்டங்களில் வளர்ந்தோர்க்கு இச்சிரிப்பில் வேறொரு சுவையும் உண்டு. மலையகத்து மக்கள் தொழிற்சாலைச் சக்கரத்திற்கு ‘ரோதை முனி’ என்றும், கவ்வாத்து வெட்டுக்குக் ‘கவ்வாத்துச் சாமி’ என்றும் காவல் தெய்வங்களை வைத்து வணங்கியவர்கள். மாசி மாதத்துக் காமன் கூத்தில் தேவர்கள் லயத்து வாசலுக்கே வந்து ஆடினர். ஆகவே, கண்ணுக்குத் தெரியாத ஆற்றல் மனிதரோடு கூடி வேலை செய்வது அவர்களுக்குப் புதுமையன்று. ஏவலாளாய் நிற்பதோ புதுமை! பிரட்டுக் களம் முதல் மாலை வரை பிறர் ஏவலைக் கேட்டே பழகியவர்க்கு, மலையொத்த பூதமொன்று ஏழை இளைஞன் முன் கைகட்டி நிற்கும் காட்சி எத்துணை ஆறுதல்!

அப்படம் வெளிவந்த காலத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 1964-ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கென்றும் 3,00,000 பேரை இலங்கைக்கென்றும் வகுத்தது. எஞ்சிய 1,50,000 பேரின் முடிவு ஒத்திவைக்கப்பட்டது. தாம் எந்நாட்டார் என்பதையே பிறர் தீர்மானித்த வேளை அது. அந்த வழக்கைத் தீர்க்க எந்தச் சாடியிலிருந்தும் பூதம் புறப்படவில்லை. எனினும், அதிகாரம் என்பது நிலையானதன்று, அது கைமாறக் கூடியதே என்பதைச் சிரிப்பினூடே காட்டுவது இக்கதை. அச்சத்தைச் சற்றே இறக்கி வைக்க உதவும் சிரிப்பை வெறும் பொழுதுபோக்கென்று தள்ளலாகுமோ?