பாட்டரிக்கு ஏன் இந்தச் சலுகை?

சென்னையிலிருந்து கொல்கத்தா செல்லும் தேசிய நெடுஞ்சாலையும், கூடூர் செல்லும் இரயில் பாதையும் கும்மிடிப்பூண்டி வழியாகப் போகின்றன. திருவள்ளூர் மாவட்டத்திலுள்ள இவ்வூரில் பெரிய சிப்காட் தொழிற்பேட்டை ஒன்று இருக்கிறது. பழைய பாட்டரிகளிலிருந்து காரீயத்தை உருக்கிப் பிரித்தெடுக்கும் ஆலைகளும் இப்பகுதியில் உண்டு. ஆகவே, பாட்டரிகளை ஏற்றிய லாரிகள் இவ்வழியே செல்வது வியப்பன்று.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. கந்தக அமிலம் ஏற்றிய டாங்கர் லாரியில் எச்சரிக்கைப் பலகை இருக்க வேண்டும். அதன் ஓட்டுநர் தனிப் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். இது 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் உள்ளது. பாட்டரிக்குள் இருப்பதும், நீர் கலந்ததே ஆயினும், அதே அமிலம்தானே? அதை எப்படி அனுப்புவது?

ஐக்கிய நாடுகள் வகுத்துள்ள அபாயப் பொருள்களின் பட்டியலில், அமிலம் நிரப்பிய பாட்டரிக்கு 2794 என்னும் எண் தரப்பட்டுள்ளது. அது 8ஆம் வகுப்பு, அதாவது அரிக்கும் பொருள். ஆயினும் சாலையிலும் இரயிலிலும் அதைக் கொண்டுசெல்ல அமெரிக்க விதிகள் விலக்கு அளிக்கின்றன. ஐரோப்பிய சாலைப் போக்குவரத்து உடன்பாடும் அவ்வாறே செய்கிறது. ஆனால் இரண்டிலும் நிபந்தனைகள் உண்டு. அவற்றின் காரணங்களை உங்கள் பாடநூலிலேயே காணலாம்.

ஓம் விதி சொல்லும் எச்சரிக்கை

கார் பாட்டரியின் மின்னழுத்தம் 12 வோல்ட். தொட்டால் அதிர்ச்சி தெரியாது. ஆனால் அதன் அகத்தடை மிகக் குறைவு, ஏறத்தாழ 0.01 ஓம் என்று வைத்துக்கொள்வோம். இரு முனைகளையும் ஓர் இரும்புச் சாவி இணைத்துவிட்டால் என்ன ஆகும்? 12ஐ 0.01ஆல் வகுத்துப் பாருங்கள். 1200 ஆம்பியர்! மின்திறன் 12 × 1200 = 14,400 வாட். ஒரு கிலோவாட் நீர்ச் சூடேற்றிகள் பதினான்கு ஒன்றாக வேலை செய்வதற்கு இது சமம். சாவி பழுக்கக் காயும், தீப்பொறி பறக்கும்.

மின்னேற்றம் பெறும்போது பாட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வெளிவரும். காற்றில் அது 4 விழுக்காடு இருந்தாலே, ஒரு பொறி அதைப் பற்றவைக்கப் போதும். ஆகவேதான் முனைகள் ஒன்றையொன்றோ வேறு உலோகத்தையோ தொடாதபடி காக்கப்பட வேண்டும் என்று இரு விதிகளும் கூறுகின்றன.

மற்ற நிபந்தனைகளையும் பாருங்கள். பாட்டரி சரியாமலும் விழாமலும் கட்டப்பட வேண்டும். ஐரோப்பிய உடன்பாட்டின்படி, வெளிப்புறத்தில் அபாயமான அளவுக்கு அமிலக் கசிவு தென்படக் கூடாது. பழைய பாட்டரியானால் அதன் பெட்டி சேதமடைந்திருக்கவும் கூடாது. அமெரிக்க விதியின்படி, அதே வண்டியில் வேறு அபாயப் பொருள் எதுவும் இருக்கக் கூடாது. பொதுவாகச் சரக்கு முழுவதும் ஒரே அனுப்புநருடையதாக இருக்க வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும் விலக்கு கிடையாது.

தலைகீழாக நின்றாலும் சிந்தாது

சிலவகைப் பாட்டரிகளில் அமிலம் கூழாகவோ, கண்ணாடி இழை விரிப்பில் ஊறியோ இருக்கும். இவற்றின் எண் 2800. இவற்றுக்கு இன்னும் கூடுதலான சலுகை உண்டு. ஆனால் தேர்வு கடினம். நொடிக்கு 10 முதல் 55 முறை அதிரும் மேடையில், தலைகீழ் நிலை உட்பட மூன்று நிலைகளில் பாட்டரியைக் குலுக்குவார்கள். பிறகு 88 கிலோபாஸ்கல் அழுத்த வேறுபாட்டில் ஆறு மணி நேரம் வைப்பார்கள். ஒரு சொட்டும் கசியக் கூடாது. 55 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் பெட்டி விரிசல் கண்டாலும் அமிலம் வழிந்தோடக் கூடாது. முனைகளும் காக்கப்பட்டிருந்தால் முழு விலக்குக் கிடைக்கும்.

அமிலத்தைக் கொட்டிவிட்டால்?

"கசிந்தால்தானே ஆபத்து? அமிலத்தை முதலிலேயே மண்ணில் கொட்டிவிட்டு ஏற்றினால் என்ன?" என்று சிலர் எண்ணலாம். எடையும் குறையும் அல்லவா? இது பெருந்தவறு. பழைய அமிலத்தில் காரீயத் துகள்கள் கலந்திருக்கின்றன. காரீயம் மண்ணில் மக்கி மறைவதில்லை. தூசியாகக் குழந்தைகளின் உடலுக்குள் சென்று மூளை வளர்ச்சியைக் கெடுக்கிறது. இவ்வளவு வரை தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவும் இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

ஆப்பிரிக்காவில், செனகல் நாட்டுத் தலைநகர் டாக்கரின் ஒரு புறநகரில் மக்கள் பழைய பாட்டரிகளை உடைத்துக் காரீயம் எடுத்து வந்தனர். 2007 நவம்பர் முதல் 2008 மார்ச் வரையிலான காலத்தில் அங்கே 18 குழந்தைகள் இறந்தனர். காரணம் காரீய நஞ்சு.

நம் நாட்டில் 2001ஆம் ஆண்டின் பாட்டரி விதிகள், பழைய பாட்டரிகளைச் சுற்றுச்சூழல் கெடாமல் பதிவு பெற்ற ஆலைகளுக்குச் சேர்ப்பிக்கும் கடமையை வணிகர்களிடம் ஒப்படைத்தன. அவற்றுக்குப் பதிலாக 2022இல் வந்த விதிகள், பழைய பாட்டரிகளைத் திரும்பப் பெறும் பொறுப்பை உற்பத்தியாளர்கள்மீது வைத்துள்ளன.

மாணவ நண்பர்களே, உங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் பாட்டரியை மாற்றும்போது நான்கு செய்திகளைக் கவனியுங்கள். முனைகள் மூடப்பட்டுள்ளனவா? மூடிகள் இறுக்கமாக உள்ளனவா? பாட்டரி நிமிர்ந்து நிற்கிறதா? அமிலத்தைக் கொட்டாமல் அப்படியே எடுத்துச் செல்கிறார்களா? பழையதை, புதியதை விற்ற கடையிலேயே கொடுத்துவிடச் சொல்லுங்கள். நீங்களாக அதைத் திறக்கவோ சாய்க்கவோ முயல வேண்டாம்.