எழும்போதே விழும் கணிப்பொறி

விஞ்ஞானம் மனிதனுக்கு அளித்த கொடைகளுள் கணிப்பொறி தலையாயது என்று கட்டுரை எழுதச் சொன்னால் நாம் எல்லோரும் எழுதிவிடுவோம். ஆனால் அந்தக் கணிப்பொறி, பொத்தானை அழுத்தியதும் சற்றே விழித்து, தன்னைச் செய்த கம்பெனியின் பெயரைத் திரையில் காட்டி, உடனே அணைந்து, மீண்டும் விழித்து, மீண்டும் அணைந்து, காலை முழுதும் இதையே செய்துகொண்டிருந்தால் என்ன செய்வது? "கடைக்குக் கொண்டு போக வேண்டியதுதான்" என்பதே பலருடைய விடை. கடைக்குப் போகுமுன் நாம் தெரிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு. தெரியாமற் போனால் வீணாவது பணம் மட்டுமன்று. எந்தக் கடையிலும் வாங்க முடியாத பொருளும் போய்விடும்.

முதலில், பொத்தானை அழுத்தியவுடன் உள்ளே நடப்பது என்ன என்று பார்ப்போம். எஸ்.எம்.பி.எஸ். என்னும் மின்பெட்டி, சுவரிலிருந்து வரும் மின்சாரத்தை 12 வோல்ட், 5 வோல்ட், 3.3 வோல்ட் எனக் குறைத்து, "மின்சாரம் சீராக இருக்கிறது" என்று மதர்போர்டுக்கு ஒரு சமிக்ஞை கொடுக்கும். அதன் பின்னரே பிராசஸர் வேலையைத் தொடங்கும். அது முதலில் படிப்பது, மதர்போர்டில் உள்ள ஒரு சிறு சில்லில் எழுதப்பட்ட நிரலை. முன்பு அதற்குப் பயாஸ் என்று பெயர். இப்போதைய கணிப்பொறிகளில் அதன் இடத்தில் யு.இ.எஃப்.ஐ. என்பது உள்ளது. காலையில் வகுப்பாசிரியை வருகைப் பதிவேட்டைத் திறந்து பெயர் கூப்பிடுவது போல, இந்த நிரலும் "ரேம் இருக்கிறாயா? திரை இருக்கிறாயா? கீபோர்டு இருக்கிறாயா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்கும். எல்லாம் சரியாக இருந்தால் ஹார்டு டிஸ்க்கைத் தேடிப் பிடித்து, அதிலுள்ள விண்டோஸை எழுப்பிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். விண்டோஸ் தனக்கு வேண்டிய டிரைவர்களையெல்லாம் வரிசையாக ஏற்றிக்கொண்டு, கடைசியில் நம் பெயரையும் பாஸ்வேர்டையும் கேட்கும். தன் காலணி வாரைத் தானே பிடித்துத் தன்னைத் தூக்கிக்கொள்வதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லிலிருந்து பிறந்ததே 'பூட்' என்ற பெயர். பொருத்தமான பெயர்தான்!

ஆகவே, கணிப்பொறி விழுகிறது என்றால், எந்தப் படியில் விழுகிறது என்பதே முதற் கேள்வி. நோயாளியிடம் மருத்துவர் "எப்போது வலிக்கிறது?" என்று கேட்கிறார் அல்லவா? அது போலத்தான் இதுவும்.

திரையில் எதுவுமே வராமல் அணைந்தால் மின்சாரத்தையோ ரேமையோ சந்தேகிக்கலாம். சில கணிப்பொறிகள் இந்த வேளையில் 'பீப், பீப்' என்று ஒலிக்கும். அந்த ஒலிகளின் எண்ணிக்கைக்கும் நீளத்துக்கும் பொருள் உண்டு. கம்பெனிக்குக் கம்பெனி மாறும் என்பதால் கூடவந்த புத்தகத்தைப் பார்க்க வேண்டும். (அந்தப் புத்தகம் எந்த வீட்டில் பத்திரமாக இருக்கிறது என்று கேட்காதீர்கள்.) ரேம் பலகையின் பொன்னிற ஓரத்தில் அழுக்குப் படிந்தாலும், அது தன் இடத்தில் சற்றுத் தளர்ந்தாலும் இந்தத் தொல்லை வரும். ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு, கையால் ஏதேனும் இரும்பைத் தொட்டு உடலிலுள்ள நிலைமின்சாரத்தைப் போக்கிக்கொண்டு, ரேமைக் கழற்றி, பென்சில் ரப்பரால் அந்த ஓரத்தை மெல்லத் துடைத்து, துகளை ஊதிவிட்டு மறுபடி அழுத்திப் பொருத்துவது நம் ஊர் மெக்கானிக்குகள் எல்லோரும் செய்யும் வைத்தியம். பெரியவர் ஒருவர் உடனிருந்தால் நாமும் செய்யலாம். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் யாரும் திறக்கலாகாது. ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் அதனுள் மின்சாரம் தங்கியிருக்கும்.

ஒன்றிரண்டு நிமிடங்கள் ஓடிவிட்டு அணைந்தால் சூட்டை நினைக்க வேண்டும். பிராசஸரின் மேலுள்ள மின்விசிறி தூசியால் அடைபட்டோ நின்றோ போயிருந்தால், கருகிப் போகாமலிருக்கக் கணிப்பொறி தன்னைத் தானே அணைத்துக்கொள்கிறது. தேதி மட்டும் பல வருடங்கள் பின்னால் போயிருந்தால் மதர்போர்டிலுள்ள வட்டமான 3 வோல்ட் பேட்டரி தீர்ந்துவிட்டது என்று பொருள். அதை மாற்றுவது எளிது.

விண்டோஸ் சின்னம் தோன்றி, அதன் பின் விழுந்தால் கதை வேறு. மின்சாரமும் ரேமும் பெரும்பாலும் குற்றமற்றவை. டிஸ்க்கோ, அதில் எழுதப்பட்டுள்ள ஏதோ ஒன்றோ காரணமாக இருக்கலாம். இப்போது ஒரு திரை வந்து, முகவாட்டத்தோடு ஒரு செய்தியைச் சொல்லி மறையும். அது நெடுங்காலம் நீல நிறமாக இருந்தது. 2025-ஆம் ஆண்டு முதல் விண்டோஸ் 11-இல் கறுப்பாக மாற்றப்பட்டது. நிறம் எதுவானாலும் அதன் அடியில் உள்ள ஆங்கிலச் சொற்களைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். 'இன்அக்ஸெஸிபிள் பூட் டிவைஸ்' என்றிருந்தால் டிஸ்க்கை எட்ட முடியவில்லை என்று பொருள். "ஏதோ நீலமா வந்துது, போயிடுச்சு" என்று சொன்னால் மெக்கானிக் பாவம் என்ன செய்வார்?

இந்தப் படியில் நமக்கு உதவுவது 'சேஃப் மோட்'. விண்டோஸ் 10, 11 ஆகியவை இரண்டு முறை தொடர்ந்து எழ முடியாமற் போனால், அடுத்த முறை தாமாகவே பழுதுபார்க்கும் திரைக்குச் செல்லும். அங்கே டிரபிள்ஷூட், அதனுள் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், அதனுள் ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் என்று போய், மறுபடி எழுப்பி, 4 என்ற எண்ணை அழுத்தினால், மிக அவசியமான டிரைவர்களை மட்டும் ஏற்றிக்கொண்டு கணிப்பொறி எழும். அப்படி எழுந்துவிட்டால் குற்றவாளி அண்மையில் வந்து சேர்ந்த ஏதோ ஒரு டிரைவரோ, நிரலோ, அப்டேட்டோ என்று ஏறக்குறைய முடிவு கட்டலாம். அதை நீக்கிப் பார்க்க வேண்டும்.

இதற்கு உலகமே கண்ட உதாரணம் ஒன்று உண்டு. 2024-ஆம் ஆண்டு ஜூலை 19-ஆம் நாள், நம் நேரப்படி காலை 9.39 மணிக்கு, கிரவுட்ஸ்டிரைக் என்ற அமெரிக்கக் கம்பெனி தன் பாதுகாப்பு நிரலுக்கு ஒரு சிறு கோப்பை அனுப்பியது. ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணிப்பொறிகள் விழுந்தன. இது மைக்ரோசாஃப்ட் கூறிய கணக்கு. விமானங்கள் நின்றன, மருத்துவமனைகள் திண்டாடின. நம் நாட்டிலும் சில விமானப் பயணிகளுக்குப் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். காரணம் என்ன தெரியுமா? அந்தக் கோப்பு 21 விவரங்களைக் கேட்டது. நிரல் வைத்திருந்ததோ 20. பதிவேட்டில் இல்லாத இருபத்தோராவது மாணவியைத் தேடிப்போன கணிப்பொறி, நினைவகத்தில் போகக் கூடாத இடத்தில் கால் வைத்து இடறி விழுந்தது.

தவறு தெரிந்து 78 நிமிடங்களில் அக்கோப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அப்படியானால் ஏன் பல நாட்கள் தொல்லை நீடித்தது? அந்த நிரல் விண்டோஸ் எழும்போதே உடன் எழுவது. ஆகவே கணிப்பொறி எழும், எழும்போதே கெட்ட கோப்பைப் படிக்கும், விழும். திருத்திய கோப்பைத் தொலைவிலிருந்து பெற்றுக்கொள்ளும் அளவுக்கு அது நிமிர்ந்து நிற்கவே முடியவில்லை. ஒவ்வொரு கணிப்பொறியாக ஆட்கள் போய், சேஃப் மோடில் எழுப்பி, அந்த ஒரே கோப்பைக் கையால் அழிக்க வேண்டியிருந்தது. சிலவற்றைப் பதினைந்து முறை வரை அணைத்து ஏற்றிப் பார்க்குமாறு மைக்ரோசாஃப்டே யோசனை சொன்னது. விழுவதற்குள் திருத்தம் வந்து சேர்ந்துவிடாதா என்ற ஓட்டப்பந்தயம் அது! டிஸ்க்கைப் பிட்லாக்கரால் பூட்டியிருந்தவர்கள் 48 இலக்கச் சாவி எண்ணையும் தேடி அலைந்தார்கள். நம் வீட்டுக் கணிப்பொறியிலும் அந்தப் பூட்டு இருக்கலாம். எண்ணை ஒரு நோட்டில் எழுதி வைப்பது நல்லது.

கவனியுங்கள், அந்தக் கணிப்பொறிகளைச் சரிசெய்யப் பொதுவாக டிஸ்க்கை 'ஃபார்மட்' செய்ய வேண்டியிருக்கவில்லை. இதை ஏன் சொல்கிறோம் என்றால், நம் வகுப்புத் தோழி ஒருத்தியின் அம்மா வீட்டிலிருந்தபடியே மூன்று கடைகளுக்குக் கணக்கு எழுதுபவர். சென்ற மார்ச் மாதக் கடைசியில் அவருடைய கணிப்பொறி எழ மறுத்தது. பழுதுபார்க்கும் கடையில் அதைத் திறந்துகூடப் பார்க்காமல், "ஃபார்மட் போட்டால் சரியாகிவிடும்மா, உள்ளே இருப்பது போய்விடும்" என்றார்கள். உள்ளே இருப்பதுதானே அந்த அம்மாவின் ஓர் ஆண்டு உழைப்பு! தோழியோ வீட்டில் அது எழ முயலும்போதெல்லாம் 'டிக், டிக்' என்று ஒரு சத்தத்தைக் கேட்டிருந்தாள். "அம்மா, இதை இனி ஆன் செய்யாதீங்க" என்று தடுத்துவிட்டாள். அது ஹார்டு டிஸ்க் உடையத் தொடங்கும் சத்தம். அந்த நிலையில் ஒவ்வொரு முறை ஏற்றுவதும் மிச்சமிருப்பதைக் குறைத்துவிடும். ஃபார்மட் செய்தால் கணக்கும் போகும், டிஸ்க்கும் பிழைக்காது.

டிஸ்க்கைக் கழற்றி, யு.எஸ்.பி. கேபிள் ஒன்றால் அவள் அக்காவின் பழைய அரசு மடிக்கணினியில் பொருத்தினார்கள். விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் உள்ள மடிக்கணினி அது. லினக்ஸில் எழுப்பியதும் டிஸ்க் திறந்தது. கணக்குக் கோப்புகளை முதலிலும் மற்றவற்றைப் பிறகுமாக நகலெடுத்தார்கள். மூன்று கடைகளின் கணக்கும் வந்துவிட்டன. புகைப்படங்களை எடுக்கும்போது பாதியில் சத்தம் பெரிதாகி டிஸ்க் நின்றது. பாட்டியின் எண்பதாம் பிறந்த நாள் படங்கள் அதோடு போயின. புதிய டிஸ்க் போட்டு, விண்டோஸைப் புதிதாக ஏற்றி, ஏப்ரல் முதல் வாரத்தில் அம்மா மறுபடி கணக்கெழுத உட்கார்ந்தார். இப்போது சனிக்கிழமைதோறும் மாலையில் ஒரு பென் டிரைவில் நகல் எடுப்பது தோழியின் வேலை. பென் டிரைவ் இருப்பது அரிசி டப்பாவுக்குப் பக்கத்து அலமாரியில்.