பனித்தரை பழசு... வாழ்க்கை புதுசு! - கடல் கடந்த ரஷ்ய ஹாக்கி வீரர்களின் கதை

2025 ஏப்ரல் 6. நியூயார்க் ஐலண்டர்ஸ் அணிக்கு எதிரான ஆட்டத்தில் வாஷிங்டன் கேப்பிடல்ஸ் கேப்டன் அலெக்சாண்டர் ஓவெச்கின் ஒரு கோல் அடித்தார். அது அவருடைய 895-வது கோல். கனடாவின் வெய்ன் கிரெட்ஸ்கி வைத்திருந்த 894 கோல் சாதனை அன்றோடு முடிந்தது. அமெரிக்கா, கனடா நகரங்களின் அணிகள் மோதும் என்.ஹெச்.எல் எனப்படும் நேஷனல் ஹாக்கி லீக்கில் இன்றைக்கு அதிக கோல் அடித்த வீரர், மாஸ்கோவில் பிறந்த ஒரு ரஷ்யர்.

இதில் என்ன பெரிய ஆச்சர்யம் என்கிறீர்களா? 1989-க்கு முன்னால், ஒரு சோவியத் நட்சத்திர வீரர் அமெரிக்காவுக்குப் போய் விளையாடுவது என்றால், ஒன்று அரசு மனமிறங்க வேண்டும். இல்லையென்றால் நாட்டைவிட்டே ஓட வேண்டும். அப்படிப் போனவர்களுக்கும் சிவப்புக் கம்பளம் காத்திருக்கவில்லை. உலகையே ஜெயித்த கால்கள் புது ஊரில் தடுமாறின.

பதினோரு மாத முகாம்!

நமக்கு ஹாக்கி என்றால் புல்தரையும் பந்தும்தான். ஐஸ் ஹாக்கி வேறு உலகம். உறைந்த பனித்தரையில் ஸ்கேட்டிங் ஷூ கட்டிக்கொண்டு ஓட வேண்டும். பந்துக்குப் பதில் 'பக்' எனும் கறுப்பு ரப்பர் வட்டு. அணிக்கு கோல்கீப்பரோடு சேர்த்து ஆறு பேர் களத்தில் இருப்பார்கள்.

இந்த விளையாட்டில் 1980-களில் சோவியத் யூனியனை அசைக்க முடியவில்லை. அதிலும் விளாடிமிர் க்ருதோவ், இகோர் லாரியோனோவ், செர்ஜி மகாரோவ் என்ற மூவர் கூட்டணிக்கு 'கே.எல்.எம்' என்றே பெயர். அவர்களுக்குப் பின்னால் தடுப்பாட்டத்தில் வியாசெஸ்லாவ் ஃபெடிசோவ், அலெக்ஸி கசடோனோவ். ஐந்து பேரும் ராணுவத்தின் சி.எஸ்.கே.ஏ அணிக்காரர்கள். 1977-ல் இருந்து 1989 வரை தொடர்ந்து 13 முறை அந்த அணிதான் சோவியத் சாம்பியன்.

அந்த வெற்றிக்கு விலை இருந்தது. பயிற்சியாளர் விக்டர் டிக்கோனோவ் வீரர்களை வருடத்தில் சுமார் 11 மாதங்கள் பயிற்சி முகாமிலேயே வைத்திருந்தார். மனைவி, குழந்தைகளைப் பார்ப்பதற்கே அனுமதி வேண்டும். எப்போது எழுவது, என்ன சாப்பிடுவது, எப்போது தூங்குவது எல்லாம் மேலிடத்து முடிவு. 1988-ல் 'ஓகோன்யோக்' பத்திரிகையில் டிக்கோனோவைக் கண்டித்து வெளிப்படையாகக் கடிதமே எழுதினார் லாரியோனோவ். அன்றைய சோவியத்தில் அதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை.

1989 மே மாதம், ஸ்டாக்ஹோமில் உலக சாம்பியன்ஷிப்பை வென்ற கையோடு 20 வயது அலெக்சாண்டர் மொகில்னி அணியைவிட்டு நழுவி அமெரிக்காவுக்குப் பறந்தார். அவர் ராணுவத்தில் இருந்தவர் என்பதால் தாய்நாட்டில் அவருக்கு 'ஓடுகாலி' பட்டம். ஃபெடிசோவ் அந்த வழியை விரும்பவில்லை. 'போனால் சட்டப்படிதான் போவேன்' என்று அதிகாரிகளோடு மல்லுக்கட்டினார். அந்த வருடமே கதவு திறந்தது. ஃபெடிசோவ் நியூஜெர்சிக்கும், மகாரோவ் கனடாவின் கால்கரிக்கும், லாரியோனோவும் க்ருதோவும் வான்கூவருக்கும் போனார்கள்.

நாலு மீட்டர்தானே குறைவு?

முதல் அதிர்ச்சி, மைதானம். ஐரோப்பாவில் ஐஸ் மைதானத்தின் அகலம் 30 மீட்டர். என்.ஹெச்.எல்-லில் சுமார் 26 மீட்டர். நாலு மீட்டர்தானே என்று தோன்றலாம். ஆனால், சோவியத் ஆட்டமே அந்த இடத்தை நம்பித்தான் இருந்தது. ஐந்து பேரும் வலைபோலப் பின்னி, பக்கை மாற்றி மாற்றிக் கொடுத்து, நல்ல வாய்ப்பு வரும்வரை பொறுத்திருப்பார்கள். வழி இல்லையென்றால் பின்னால் திரும்பி மறுபடி ஆரம்பிப்பார்கள்.

வட அமெரிக்காவில் அதற்கு நேரமே இல்லை. பக்கை எதிரணி எல்லைக்குள் தூக்கிப் போட்டுவிட்டுத் துரத்த வேண்டும். பக் கையில் இருக்கும் நொடியே ஒருவர் வந்து சுவரோடு மோதுவார். கையுறையைக் கழற்றிப்போட்டுக் குத்துச்சண்டை போட்டாலும், ஐந்து நிமிடம் வெளியே உட்கார்ந்துவிட்டுத் திரும்ப வந்து ஆடலாம். லீக் சுற்றில் மட்டும் அப்போது 80 ஆட்டங்கள். ஊர் விட்டு ஊர் விமானப் பயணம். இதற்கிடையே, 'எங்கள் ஆட்களின் வேலையைப் பறிக்க வந்தவர்கள்' என்ற முணுமுணுப்பும் காதில் விழும். பனிப்போர் முழுதாக முடியாத காலம் அது.

ஒரே கூட்டணி... மூன்று பாதை!

கே.எல்.எம் மூவருக்கும் நடந்ததைப் பார்த்தால், சிக்கல் பனித்தரையில் மட்டும் இல்லை என்பது புரியும்.

மகாரோவ் முதல் சீஸனிலேயே 24 கோல் அடித்து, 62 கோல்களுக்கு உதவினார். சிறந்த புதுமுக வீரருக்கான கால்டர் கோப்பை 1990-ல் அவருக்குக் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 31! 'இவரா புதுமுகம்?' என்று சர்ச்சை கிளம்ப, அந்த விருதுக்கு 26 வயது உச்சவரம்பு வைத்தது நிர்வாகம்.

லாரியோனோவ் நிதானமாகத் தேறினார். அவருக்கு ஏற்கெனவே ஆங்கிலம் தெரியும். தன் வாழ்க்கையைத் தானே முடிவு செய்ய வேண்டும் என்று ரஷ்யாவில் இருக்கும்போதே போராடியவர். எனவே, சுதந்திரம் கைக்கு வந்தபோது அதை என்ன செய்வது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. 43 வயது வரை என்.ஹெச்.எல்-லில் ஆடினார்.

க்ருதோவின் கதைதான் மனதைப் பிசைகிறது. மூவரில் மிகவும் பலசாலி அவர். 1984, 1988 ஒலிம்பிக் தங்கங்கள் வென்றவர். வான்கூவருக்கு வந்தபோது உடல் எடை கூடியிருந்தது. முகாமில் யாரோ அளந்து போட்ட சாப்பாடும் யாரோ போட்ட அட்டவணையும் இங்கே இல்லை. மொழியும் கைகொடுக்கவில்லை. 61 ஆட்டங்களில் 11 கோல். ஒரே சீஸனோடு அவருடைய என்.ஹெச்.எல் வாழ்க்கை முடிந்தது. உள்ளூர்ப் பத்திரிகைகள் அவர் எடையைக் கேலி செய்தன. 2012-ல், 52 வயதில் அவர் இறந்துபோனார்.

பத்து வருடத்துக்கும் மேலாக ஒரு மனிதனுக்காக எல்லா முடிவுகளையும் வேறு யாரோ எடுத்துவிட்டு, திடீரென்று ஒருநாள் 'இனி உன் பாடு' என்று விட்டால் என்ன ஆகும்? க்ருதோவை சோம்பேறி என்று சொல்லிக் கடந்துபோவது சுலபம். தனியாக வாழப் பழகுவதற்கும் பயிற்சி வேண்டும் என்பதை அன்று யாரும் யோசிக்கவில்லை என்பதே உண்மை.

வீட்டில் ஒரு அறை!

அடுத்து வந்தவர்களுக்கு நிலைமை மாறியது. மாற்றியவர்கள் பெரும்பாலும் முன்னால் போன சீனியர்களே! 1991-ல் 20 வயது பாவெல் பூரே வான்கூவருக்கு வந்து இறங்கியபோது, ஆரம்ப நாள்களில் லாரியோனோவ் வீட்டில்தான் தங்கினார். அடுத்த வருடமே பூரே கையில் கால்டர் கோப்பை.

2006-ல் எவ்ஜெனி மால்கின் பிட்ஸ்பர்க் வந்தபோதும் இதே கதைதான். அவருக்கு ஆங்கிலம் பேசவே வராது. அணியின் சீனியர் செர்ஜி கோன்சார் தன் வீட்டிலேயே குடும்பத்தோடு தங்கவைத்துக்கொண்டார். ரஷ்யச் சாப்பாடு, ரஷ்யப் பேச்சு, சந்தேகம் கேட்க ஓர் அண்ணன். முதல் ஆறு ஆட்டங்களிலும் மால்கின் கோல் அடித்தார். அவருக்கும் கால்டர் கிடைத்தது.

இதையே ஓர் அணி முழு அளவில் செய்து பார்த்தது என்றால், அது டெட்ராய்ட் ரெட் விங்ஸ். ஃபெடிசோவ், லாரியோனோவ், செர்ஜி ஃபெடரோவ், விளாடிமிர் கான்ஸ்டான்டினோவ், வியாசெஸ்லாவ் கோஸ்லோவ் ஆகிய ஐந்து ரஷ்யர்களும் அங்கே சேர்ந்தார்கள். 1995 அக்டோபர் 27 அன்று பயிற்சியாளர் ஸ்காட்டி போமன் ஐவரையும் ஒரே நேரத்தில் களத்தில் இறக்கினார். 'இப்படி ஆடு, அப்படி ஆடு' என்று திருத்தவில்லை. அவர்களுக்குத் தெரிந்த பழைய சோவியத் ஆட்டத்தை ஆடவிட்டார். அந்த சீஸனில் 62 வெற்றிகள். அன்றைக்கு அது என்.ஹெச்.எல் சாதனை.

1997-ல் ஸ்டான்லி கோப்பை, 42 வருடங்களுக்குப் பிறகு டெட்ராய்ட்டுக்கு வந்தது. கேப்டன் ஸ்டீவ் ஐசர்மன் கோப்பையை முதலில் கொடுத்தது ஃபெடிசோவ் கையில். அவர் லாரியோனோவையும் அழைத்துக்கொண்டு மைதானத்தைச் சுற்றிவந்தார். ஒரு காலத்தில் 'வேலையைப் பறிக்க வந்தவர்கள்' என்று பார்க்கப்பட்டவர்களுக்கு அரங்கமே எழுந்து நின்றது.

ஆறே நாள்களில் சோகம். ஃபெடிசோவும் கான்ஸ்டான்டினோவும் பயணம் செய்த கார் மரத்தில் மோதியது. கான்ஸ்டான்டினோவுக்குத் தலையில் பலத்த காயம்; அதன்பின் அவரால் விளையாடவே முடியவில்லை. மறுவருடமும் டெட்ராய்ட் ஜெயித்தது. சக்கர நாற்காலியில் களத்துக்கு வந்த கான்ஸ்டான்டினோவின் மடியில் ஐசர்மன் கோப்பையை வைத்தார்.

இன்று ரஷ்யாவில் இருந்து செல்லும் இளம் வீரர்களுக்கு மொழிபெயர்ப்பாளர், ஏஜென்ட், வீடியோ காலில் அம்மா என்று எல்லாம் இருக்கிறது. 1989-ல் போனவர்களுக்கு இருந்தது சூட்கேஸும் திறமையும்தான். வேலைக்காகவோ படிப்புக்காகவோ புது ஊருக்குப் போகிற யாருக்கும் இந்தக் கதை புரியும். வேலையை எப்படியும் கற்றுக்கொள்ளலாம். 'சாப்பிட்டியா?' என்று நம் மொழியில் கேட்க ஒரு குரல் இருந்தால், மற்றதும் சீக்கிரம் பழகிவிடும். உங்கள் ஆபீஸிலோ பக்கத்து வீட்டிலோ புதிதாக ஒருவர் வந்திருந்தால், இன்றைக்கு நீங்களே கேட்டுப் பாருங்களேன்!