பில்லில் இல்லாத நிபந்தனைகள்: செயலியோடு வரும் வீட்டுச் சாதனங்கள்

கைபேசிச் செயலியோடு சேர்ந்து இயங்கும் வீட்டுச் சாதனம் உண்மையில் இரண்டு பொருள்கள். ஒன்று, கடையில் காசு கொடுத்து வீட்டுக்குத் தூக்கி வரும் இயந்திரம். மற்றது, தயாரித்த நிறுவனத்தின் சர்வரில் ஓடும் சேவை. இயந்திரத்துக்குப் பில் உண்டு, வாரண்டி அட்டை உண்டு. சேவைக்கான நிபந்தனைகளோ, பெட்டியைப் பிரித்து, செயலியை இறக்கி, கைபேசி எண்ணைக் கொடுத்து, ஓடிபியும் போட்ட பிறகுதான் கண்ணில் படுகின்றன. அவையும் பெரும்பாலும் ஆங்கிலத்தில், சின்ன எழுத்தில் இருக்கும். கீழே 'ஒப்புக்கொள்கிறேன்' என்ற பொத்தானைத் தவிர வேறு வழி இருக்காது. கடலூர் லாரன்ஸ் ரோட்டிலோ சிதம்பரம் மேலவீதியிலோ ஏசி, வாஷிங் மெஷின், ஸ்மார்ட் டிவி, ஏர் ஃப்ரையர், மின்சார கிரில், வைஃபை கேமரா வாங்குகிற குடும்பம் இந்த இரண்டாவது பொருளையும் அறியாமலேயே சேர்த்து வாங்கிவிடுகிறது.

கூடத்தில் உட்கார்ந்துகொண்டு அதே கூடத்து ஏசியைச் செயலியில் போட்டாலும், பல சாதனங்களில் கட்டளை நேராக ஏசிக்குப் போவதில்லை. கைபேசியிலிருந்து நிறுவனத்தின் சர்வருக்குப் போய், அங்கிருந்து வீட்டு ரவுட்டர் வழியாகத் திரும்பி வந்து ஏசியை எட்டுகிறது. பத்தடி தூரத்துக்கான வேலை வேறு ஊரிலோ வேறு நாட்டிலோ இருக்கும் கணினியைத் தொட்டு வருகிறது. எரிச்சல்களும் அந்தரங்க ஆபத்துகளும் இந்தச் சுற்றுப்பாதையில்தான் தொடங்குகின்றன.

எரிச்சல் முதல் நாளே ஆரம்பித்துவிடும். இன்றைய வீட்டு ரவுட்டர்களில் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசைகள் உண்டு. விலை குறைந்த சாதனங்களில் பெரும்பாலானவற்றுக்கு முதலாவது மட்டுமே எட்டும். கைபேசி இரண்டாவதில் இருந்தால், சாதனத்தின் சின்ன விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கும். செயலியில் வட்டம் சுற்றிச் சுற்றி நின்றுவிடும். பொத்தானை ஐந்து விநாடி அழுத்தச் சொல்வார்கள், பிறகு பத்து விநாடி என்பார்கள். சர்வீஸ் ஆள் வந்து ரவுட்டரில் இரண்டு அலைவரிசைகளையும் தனித்தனிப் பெயரில் பிரித்து வைத்தால்தான் இணையும். இது சாதனத்தின் பழுது அல்ல. ஆனால் பெட்டியின் மேல் தெளிவாக அச்சிட்டிருக்க வேண்டிய தகவல்.

கடலூர் மாவட்டக் கடற்கரையில் இன்னொன்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்தபோது மாவட்டத்தின் பல ஊர்கள் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லாமல் இருந்தன. 2015 வெள்ளத்தையும், 2024இல் ஃபெஞ்சல் புயலை ஒட்டித் தென்பெண்ணை பெருகியதையும் கடலூர் மறக்கவில்லை. இன்வெர்ட்டர் இருந்தால் விளக்கு எரியும், ஃபிரிட்ஜ் ஜெனரேட்டரில் ஓடும். ஆனால் கேபிள் அறுந்து கைபேசிக் கோபுரமும் ஓய்ந்துவிட்டால் செயலியில் மட்டுமே வைத்திருக்கும் வசதி எதுவும் கைக்கு வராது. சூட்டையும் நேரத்தையும் திருகிவைக்கும் குமிழோ பொத்தானோ உடலிலேயே இல்லாத சாதனத்தை இந்த மாவட்டத்தில் வாங்குவது புத்திசாலித்தனம் அல்ல.

புயல் கடந்து போனால் இணையம் மீண்டும் வந்துவிடும். நிறுவனமே சர்வரை மூடிவிட்டால் எதுவும் வராது. 'ரிவால்வ்' என்ற வீட்டுக் கட்டுப்பாட்டுக் கருவியின் சேவையை 2016 மே மாதம் அதன் உரிமையாளரான நெஸ்ட் நிறுவனம் நிறுத்தியபோது, நன்றாக இருந்த கருவிகள் வெறும் பெட்டிகளாயின. 2022 ஏப்ரலில் 'இன்ஸ்டியான்' என்ற வீட்டுக் கட்டுப்பாட்டுக் கருவி நிறுவனத்தின் சர்வர்கள் முன்னறிவிப்பின்றி அணைந்தன. இரண்டும் அமெரிக்காவில் நடந்தவை. ஆனால் அதே வகை ஏற்பாடுதான் இங்கே விற்கும் சாதனங்களிலும் இருக்கிறது. பத்து ஆண்டு உழைக்க வேண்டிய கம்ப்ரசருக்கு எத்தனை ஆண்டு செயலி ஓடும் என்று பெட்டியில் எங்கும் எழுதியிருப்பதில்லை. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், பாதுகாப்பு அப்டேட் எவ்வளவு காலம் கிடைக்கும் என்பதை விற்கும்போதே சொல்லியாக வேண்டும். எல்லாச் சாதனத்துக்கும் ஒரே கடவுச்சொல் வைப்பதும் அங்கே தடை. இந்தியாவில் தொலைத்தொடர்புப் பொறியியல் மையம் 2021இல் இதேபோன்ற நடத்தை விதிகளை வெளியிட்டது. ஆனால் அவை நிறுவனங்கள் விரும்பினால் பின்பற்றலாம் என்ற அளவில்தான் உள்ளன. இது சட்டமாக வேண்டிய விஷயம்.

அந்தரங்கம் பற்றிய கவலை செயலி கேட்கும் அனுமதிகளில் தொடங்குகிறது. இருப்பிடம், மைக், தொடர்பு எண்கள், புகைப்படங்கள் என்று வரிசையாகக் கேட்கும். இவற்றில் இருப்பிடத்துக்கு மட்டும் ஓரளவு நியாயம் உண்டு: பழைய ஆண்ட்ராய்டு கைபேசிகளில் அருகிலுள்ள வைஃபை, புளூடூத் கருவிகளைத் தேடவே இருப்பிட அனுமதி தேவைப்பட்டது. சாதனம் இணைந்த பிறகு அதை விலக்கிக்கொள்ளலாம். மைக்குக்கும் தொடர்பு எண்களுக்கும் அந்த நியாயமும் கிடையாது. பிரிட்டனின் 'விச்?' நுகர்வோர் அமைப்பு 2024 நவம்பரில் மூன்று ஏர் ஃப்ரையர்களைச் சோதித்தபோது, மூன்றின் செயலிகளும் துல்லியமான இருப்பிடத்தையும், கைபேசியில் ஒலிப்பதிவு செய்யும் அனுமதியையும் கேட்டன, காரணம் சொல்லப்படவில்லை. உருளைக்கிழங்கு வறுக்கும் கருவிக்கு வீட்டுப் பேச்சு எதற்கு என்ற கேள்விக்கு ஏற்கத்தக்க பதில் இல்லை.

டிவி இன்னும் ஒரு படி மேலே போனது. திரையில் ஓடுவது என்ன என்று நொடிக்கு நொடி அடையாளம் கண்டு நிறுவனத்துக்கு அனுப்பும் தொழில்நுட்பம் ஸ்மார்ட் டிவிகளில் உண்டு. அமெரிக்காவில் 1 கோடியே 10 லட்சம் டிவிகளிலிருந்து பார்ப்பவரின் சம்மதமின்றி இப்படித் தகவல் திரட்டியதற்காக 'விசியோ' நிறுவனம் 2017இல் 22 லட்சம் டாலர் கட்டியது. கிரில் அடுப்பும் தப்பவில்லை. 'டிரேகர்' கிரில்களின் வைஃபை கட்டுப்பாட்டில் இருந்த ஓட்டையை 2024 ஜூலையில் பாதுகாப்பு ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள்: அடுப்பின் அடையாள எண் தெரிந்த வேறொருவர் தூரத்திலிருந்தே சூட்டை மாற்ற முடிந்தது. அப்டேட் அனுப்பி அது அடைக்கப்பட்டது. கறி கருகுவதோடு போகிற காரியம் அல்ல இது. ஆளில்லாத இடத்தில் நெருப்பின் பிடி வேறொருவர் கைக்குப் போகிறது.

எல்லாவற்றிலும் ஆபத்தானது கேமரா. பரங்கிப்பேட்டை, லால்பேட்டை போன்ற ஊர்களில் வளைகுடா நாடுகளில் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு, தனியாக இருக்கும் பெற்றோரைப் பார்த்துக்கொள்ள வைஃபை கேமரா பெரிய ஆறுதல். அந்தத் தேவை உண்மையானது. அதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கேமரா எந்தக் கடவுச்சொல்லோடு வந்ததோ அதே கடவுச்சொல்லில் விட்டுவைப்பது, தெருக்கதவைத் திறந்துபோட்டுத் தூங்குவதற்குச் சமம். ராஜ்கோட்டின் மகப்பேறு மருத்துவமனை ஒன்றில் பெண் நோயாளிகளைக் காட்டும் கேமராப் பதிவுகள் டெலிகிராமில் விலைக்குப் போனது 2025 பிப்ரவரியில் வெளியே வந்தது. மாற்றாமல் விட்ட எளிய கடவுச்சொற்கள்தான் திருடர்களுக்கு வழிவிட்டன என்று விசாரணை காட்டியது. இதன் பிறகாவது கேமராவைப் படுக்கையறை, குளியலறை வாசல் பக்கம் திருப்பாமல் வைப்பது எந்தச் சட்டமும் சொல்லாமலே செய்ய வேண்டியது. வீட்டுவேலை செய்பவரிடமும் கேமரா இருப்பதைச் சொல்லிவிட வேண்டும். 2025 ஏப்ரல் 9 முதல் இந்தியச் சந்தைக்கு வரும் சிசிடிவி கேமராக்கள் பாதுகாப்புப் பரிசோதனையில் தேறியாக வேண்டும். துபாயிலிருந்து பெட்டியில் போட்டுக் கொண்டுவரும் கேமராவுக்கு இந்தக் காப்பு கிடையாது. பெரும்பாலும் இந்திய வாரண்டியும் கிடையாது.

உரிமைகளுக்கு அடித்தளம் 2017 ஆகஸ்ட் 24 தீர்ப்பு. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு புட்டசாமி வழக்கில் ஒருமனதாகச் சொன்னது. அதன் வழியே வந்தது டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023. சேவைக்குத் தேவையான தகவலை மட்டுமே கேட்கலாம் என்கிறது அந்தச் சட்டம். சம்மதம் கேட்கும் அறிவிப்பைத் தமிழ் உள்ளிட்ட எட்டாம் அட்டவணை மொழிகளில் படிக்க வழி தர வேண்டும். சம்மதத்தைக் கொடுத்த அளவுக்கு எளிதாகத் திரும்பப் பெறவும் முடிய வேண்டும். திரட்டியதைக் காட்டச் சொல்லவும், திருத்தவும், அழிக்கச் சொல்லவும் உரிமை உண்டு. பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைகளின் தகவலுக்குப் பெற்றோர் சம்மதம் கட்டாயம். தகவலைக் காக்கத் தவறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். ஆனால் இரண்டு குறைகள் உண்டு. விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் பதினெட்டு மாதம் கழித்து, 2027 மே மாதம்தான் முழுதாக நடைமுறைக்கு வரும். அபராதத் தொகையும் அரசின் கணக்குக்குப் போகும்; பாதிக்கப்பட்டவருக்கு இந்தச் சட்டத்தில் இழப்பீடு இல்லை.

அதனால் இன்று கைகொடுக்கும் சட்டம் வேறு: நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019. சேவைக் குறைபாடு என்பதற்குள், நுகர்வோர் அறிய வேண்டிய தகவலை வேண்டுமென்றே மறைப்பதையும் அது சேர்க்கிறது. செயலி இல்லாமல் சாதனத்தின் முக்கிய வசதி இயங்காது என்பதையோ, ஓராண்டுக்குப் பின் சந்தா கட்ட வேண்டும் என்பதையோ விற்கும்போது சொல்லாமல் விட்டால் இந்தப் பிரிவைப் பிடித்துக்கொள்ளலாம். நம்பிக் கொடுத்த தனிப்பட்ட தகவலைச் சட்டப்படியின்றி வேறொருவருக்குத் தருவது அதே சட்டத்தில் நியாயமற்ற வணிக நடைமுறை. 2023 நவம்பர் 30 அன்று அறிவிக்கப்பட்ட வழிகாட்டு நெறிகள் 'டார்க் பேட்டர்ன்' எனப்படும் பதின்மூன்று ஏமாற்று வடிவமைப்புகளைத் தடை செய்கின்றன. கேட்ட சேவைக்குச் சம்பந்தமில்லாத தகவலையோ வேறு செயலியையோ திணிப்பதும், வெளியேற முடியாத சந்தாவில் மாட்டவைப்பதும் அவற்றில் உண்டு.

புகாருக்கு முன் ஆதாரம் வேண்டும். ஜிஎஸ்டி பில், வாரண்டி அட்டை, பெட்டியின் நான்கு பக்கப் படங்கள், செயலி அனுமதி கேட்கும் திரையின் படங்கள், இணையாமல் நிற்கும் திரையின் படம், சர்வீஸ் ஆள் எழுதிக் கொடுத்த சீட்டு ஆகியவற்றைத் தேதியோடு சேர்த்து வைக்க வேண்டும். நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு மின்னஞ்சலில் எழுதுவது முதல் படி; தொலைபேசியில் மட்டும் பேசினால் பின்னால் காட்ட ஒன்றும் இருக்காது. அடுத்து 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலேயே பேசலாம். வழக்குக்கு முந்திய சமரச முயற்சிதான் அது. ஆனால் பல புகார்கள் அங்கேயே முடிகின்றன.

முடியாவிட்டால் கடலூரில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நிறுவனத்தின் தலைமையகம் குருகிராமிலோ பெங்களூருவிலோ இருந்தாலும், பொருளை ஆன்லைனில் வாங்கியிருந்தாலும், சிதம்பரத்தில் குடியிருப்பவர் தம் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 2019 சட்டம் தந்த பெரிய வசதி இது. கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மாவட்ட ஆணையம் விசாரிக்கும். 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. வழக்கறிஞர் கட்டாயமில்லை; 'இ-ஜாக்ரிதி' இணையதளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். குறை ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். தீர்ப்பில் திருப்தி இல்லையென்றால் 45 நாளுக்குள் மாநில ஆணையத்தில் மேல்முறையீடு செய்யலாம். செயலியின் நிபந்தனைகளே நியாயமற்ற ஒப்பந்தம் என்று வாதிடுவதானால் மட்டும் மாவட்ட ஆணையத்துக்கு அதிகாரம் இல்லை. மாநில ஆணையத்துக்குத்தான் போக வேண்டும்.

கடைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை உண்டு. தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் சொந்த உழைப்பில் கிரில் கடை போட்டுப் பிழைப்பவர் அந்த அடுப்பு விஷயத்தில் நுகர்வோர்தான். சுயதொழிலில் பிழைப்புக்காக வாங்கியதைச் சட்டம் விலக்கவில்லை. ஆட்களை வைத்துப் பெரிய அளவில் உணவகம் நடத்துபவர் இந்த ஆணையத்தை நாட முடியாது.

கேமரா ஊடுருவப்பட்டாலோ, படம் வெளியானாலோ, மிரட்டல் வந்தாலோ அது நுகர்வோர் வழக்கு அல்ல, குற்றம். உடனே இணையவழிக் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழைக்கலாம். மாவட்டத்தின் இணையவழிக் குற்றப் பிரிவிலும் புகார் தரலாம். மிரட்டுபவருக்குப் பணம் அனுப்பக் கூடாது. பதிவுகளையும் செய்திகளையும் அழிக்கவும் கூடாது. ஒருவரின் அந்தரங்கப் பகுதியைச் சம்மதமின்றிப் படம் பிடிப்பதற்கும் பரப்புவதற்கும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவு மூன்று ஆண்டு வரை சிறை சொல்கிறது. செலவுக்குத் தயங்கும் பெண்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் இலவச உதவியை 15100 என்ற எண்ணில் கேட்கலாம்.

வாங்கும்போது கடைக்காரரிடம் கேட்க வேண்டியவை சில உண்டு. இணையம் இல்லாமல் இது எதையெல்லாம் செய்யும், சந்தா உண்டா, அப்டேட் எத்தனை ஆண்டு வரும் என்பவை அவை. பதிலைப் பில்லின் பின்புறம் எழுதி வாங்கிக்கொண்டால் பின்னால் அதுவே சாட்சி. வீட்டில் ரவுட்டரின் 'கெஸ்ட்' இணைப்பில் சாதனங்களைத் தனியே வைத்தால், ஒன்று ஊடுருவப்பட்டாலும் கைபேசியும் கணினியும் எளிதில் மாட்டாது.

சாதனம் கைமாறும் நேரம்தான் பலரும் கோட்டைவிடும் இடம். தீபாவளி எக்ஸ்சேஞ்சில் போகும் பழைய டிவியின் உள்ளே வீட்டு வைஃபையின் கடவுச்சொல்லும் திறந்த கணக்குகளும் அப்படியே இருக்கும். அண்ணாமலை நகரில் வாடகை வீட்டைக் காலி செய்யும் மாணவர், அங்கிருந்த ஏசியைத் தம் கணக்கிலிருந்து நீக்காமல் போனால், அடுத்து வருபவரின் ஏசி அவர் கைபேசியில் தெரிந்துகொண்டே இருக்கும். சாதனத்தில் ஃபேக்டரி ரீசெட் செய்வது பாதி வேலை. செயலியிலிருந்து அதை நீக்கி, கணக்கையும் அழித்த பிறகுதான் மீதிப் பாதி முடியும்.