ஒரே அலைவரிசையில் ஒலியும் இணையமும்

புளூடூத் இயர்போனில் பாட்டுக் கேட்கும்வரை தெளிவாக இருக்கும் ஒலி, இணையவழிக் கூட்டம் ஒன்றில் சேர்ந்த மறுகணமே பழைய தொலைபேசிக் குரல்போல் மங்கிவிடுவது கணினிப் பயனர் பலர் சந்திக்கும் தொல்லை. இயர்போன் மட்டமானது என்று அதன்மீது பழி போடுவோரே மிகுதி எனினும், காரணம் பெரும்பாலும் கணினி தேர்ந்துகொள்ளும் ‘புரொஃபைல்’ என்பதில் அடங்கியிருக்கிறது.

புரொஃபைல் என்பது, குறிப்பிட்ட ஒரு வேலையைச் செய்ய இரு கருவிகளும் பின்பற்றவேண்டிய விதிகளின் தொகுப்பு. இசைக்குரியது ஏ2டிபி, இது ஒலியை ஒரு திசையில் மட்டும், இடம் வலம் எனப் பிரித்த ஸ்டீரியோவாக அனுப்புகிறது. பேச்சுக்குரியது ஹெச்எஃப்பி, மைக்கின் ஒலியும் எதிர்த்திசையில் வரவேண்டியிருப்பதால் இது தரத்தைக் குறைத்துக்கொள்கிறது. இசைக் குறுந்தட்டில் (சிடி) ஒலி நொடிக்கு 44,100 முறை அளந்து பதியப்படுகிறது என்றால், ஹெச்எஃப்பியின் பழைய முறையில் அது 8,000 முறையாகவும், பின்னர் வந்த எம்எஸ்பிசி முறையில் 16,000 முறையாகவுமே இருக்கிறது. 8,000 முறை அளந்தால் 4,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலிகளைப் பதிய இயலாது என்பதால், இசையில் தாளக்கருவிகளின் கூர்மையும் பேச்சில் சீறொலிகளும் முதலில் காணாமற் போகின்றன.

இதற்குச் செலவில்லாத தீர்வு உண்டு. கூட்டத்துக்கான செயலியின் ஒலி அமைப்பில், கேட்பதற்கு இயர்போனையும் பேசுவதற்கு மடிக்கணினியின் சொந்த மைக்கையும் தேர்ந்துவிட்டால், இயர்போன் ஏ2டிபியிலேயே நிலைத்திருக்கும். லினக்ஸில் புளூடூத் இணைப்பைப் புளூஇசட் என்னும் மென்பொருளும், ஒலியைப் பல்ஸ்ஆடியோ அல்லது பைப்வயரும் கவனிக்கின்றன. ஃபெடோரா 2021-லும் உபுண்டு 2022-லும் பைப்வயருக்கு மாறிவிட்டன. லினக்ஸில் ‘பாவுகன்ட்ரோல்’ செயலியில் புரொஃபைலை நேரடியாகவே மாற்றலாம். முதன்முறை இணைக்கும்போது, அதாவது ‘பேரிங்’ செய்யும்போது, கருவியை நம்பத்தக்கதாகக் குறித்துவைக்கத் தவறினால், அது அடுத்த முறை தானாக இணையாமல் முரண்டு பிடிக்கக்கூடும்.

ஒலிக்கு இருப்பதுபோலவே, புளூடூத் வழி இணையப் பகிர்வுக்கும் ‘பான்’ என்னும் புரொஃபைல் இருக்கிறது. கைபேசியின் இணையத்தைக் கணினிக்குத் தருவதானால், கைபேசியில் புளூடூத் டெதரிங்கை இயக்கி, இரண்டையும் பேரிங் செய்து, கணினியில் அக்கைபேசியை அக்சஸ் பாயிண்ட்டாகத் தேர்ந்தால் போதும். கணினியே பிற கருவிகளுக்கு இணையம் வழங்குவதானால் வேலை சற்றுக் கூடுகிறது: வந்துசேரும் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் ஐபி முகவரியை ஒதுக்கும் டிஹெச்சிபி சேவையும், அவற்றின் தரவுகளைக் கணினியின் ஒரே முகவரியில் வெளியே அனுப்பும் ‘நாட்’ என்னும் முகவரி மாற்றமும் தேவைப்படுகின்றன. லினக்ஸில் இவ்விரண்டையும் புளூமேன் செயலி தானே அமைத்துக்கொள்கிறது. விண்டோஸில் மொபைல் ஹாட்ஸ்பாட் பகுதியில், பகிரும் வழியாக வைஃபைக்குப் பதில் புளூடூத்தைத் தேர்ந்தால் அவை தாமாகவே அமைகின்றன.

ஒலியையும் இணையத்தையும் ஒரே நேரத்தில் புளூடூத்தில் ஏற்றுவதில்தான் சிக்கல் எழுகிறது. புளூடூத் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில், 79 தடங்களுக்கிடையே நொடிக்கு 1,600 முறை தாவித்தாவி இயங்குகிறது. 2004-இல் வந்த 2.0 பதிப்பு நொடிக்கு 3 மெகாபிட் வேகத்தை அறிவித்தாலும், பயன்பாட்டில் கிடைப்பது ஏறத்தாழ 2 மெகாபிட்டே. அதில் இசைக்கு 328 கிலோபிட் வரை சென்றுவிட, எஞ்சியதில் கோப்பு ஒன்று இறங்கத் தொடங்கினால் பாட்டு விட்டுவிட்டு ஒலிக்கிறது. போதாக்குறைக்கு, 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையும் அதே பகுதியில் நெரிகிறது; மடிக்கணினிகள் பலவற்றில் இரண்டுக்கும் ஒரே சில்லுதான். வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுவது இந்த நெரிசலைக் கணிசமாகத் தணிக்கும்.

மின்னஞ்சலுக்கும் செய்தி வாசிப்புக்கும் புளூடூத் இணையம் தாராளமாகப் போதும். வைஃபை ஹாட்ஸ்பாட்டைவிடக் கைபேசியின் பேட்டரியையும் அது குறைவாகவே உண்கிறது. காணொளிக் கூட்டத்துக்கோ பெரிய கோப்புகளுக்கோ யுஎஸ்பி கம்பியை நாடி, புளூடூத்தை இயர்போனுக்கென விட்டுவைப்பதே நல்லது.