உச்சியில் தொடங்கி அடியில் முடிந்த கோயில், தெரியுமா?

கோயில் என்றால் முதலில் அஸ்திவாரம், கடைசியில் கலசம். எல்லோராவின் கயிலாசநாதர் கோயிலில் இந்த வரிசையே தலைகீழ், தெரியுமா? உளி முதலில் விழுந்தது மலையின் உச்சியில்! மூன்று பக்கமும் பாறையை அகழ்ந்தெடுத்து, நடுவில் நின்ற பெரும் பாறையைச் செதுக்கிக்கொண்டே கீழே இறங்கியிருக்கிறார்கள். விமானம், நந்தி மண்டபம், இரண்டையும் இணைக்கும் பாலம், கோயிலையே சுமந்து நிற்கும் யானை வரிசை, எல்லாம் ஒரே பாறை! இன்னும் வெட்டாத பாறைதான் சிற்பிகள் நின்று வேலை செய்த மேடை.

8ஆம் நூற்றாண்டு, ராஷ்டிரகூட மன்னன் முதலாம் கிருஷ்ணன் காலம். வெடிமருந்து இல்லை, உளியும் சுத்தியலும்தான். வெட்டி வெளியேற்றிய கல் மட்டும் சுமார் 2 லட்சம் டன் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. எனக்கு அதைவிடப் பெரிய வியப்பு வேறொன்று. அடியில் நிற்கும் யானைக்கென ஒதுக்கிய பாறையை யாராவது தவறி வெட்டியிருந்தால் திரும்ப வைக்க முடியுமா? அந்த யானை எங்கே நிற்கும் என்பது, ஏறத்தாழ 30 மீட்டர் மேலே முதல் கல் பெயரும்போதே ஒருவர் மனதில் முடிவாகியிருக்க வேண்டும்!

இந்தக் கோயிலின் வம்சாவளி காஞ்சிபுரம் வரை நீள்கிறது. காஞ்சியைக் கைப்பற்றிய சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன், அங்குள்ள கைலாசநாதர் கோயிலின் செல்வத்தைக் கோயிலுக்கே திருப்பிக் கொடுத்ததாகக் கல்வெட்டு பொறித்தான். அவனுடைய அரசி லோகமகாதேவி பட்டடக்கல்லில் எழுப்பிய விருபாக்ஷர் கோயிலில் காஞ்சியின் சாயல் தெரிகிறது. எல்லோராவில் விருபாக்ஷரின் சாயல்!

பாறையைக் குடைந்தெடுத்த இந்தியக் குடைவரைகளில் மிகப் பழையவை பீகாரின் பராபர் குன்றுகளில் இருக்கின்றன. அசோகர் ஆசீவகத் துறவிகளுக்குக் கொடுத்த குகைகள் அவை. கருங்கல் சுவர் 2200 ஆண்டுகளுக்குப் பிறகும் கண்ணாடி போல மின்னுகிறது! லோனாவ்லா அருகே கார்லாவின் சைத்தியத்தில், அதாவது பௌத்த வழிபாட்டுக் கூடத்தில், அண்ணாந்து பாருங்கள். கற்கூரைக்கு அடியில் மர விலாக்கள் வளைந்து ஓடும். சுமார் 2000 ஆண்டுப் பழைய மரம்! பாறைக் கூரைக்கு மரத்தின் தாங்கல் எதற்கு? மரக்கட்டடத்தில் பழகிய கண்ணுக்காகவே வைத்திருக்கிறார்கள். நம் மண்டகப்பட்டில் பல்லவ மன்னன் மகேந்திரவர்மனோ செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவுமின்றிக் கோயில் அமைத்தேன் என்று கல்வெட்டிலேயே பெருமைப்பட்டுக்கொண்டான்!

ஒன்று சொல்வேன்: முடிக்காத குகைகளைத் தவறவிடாதீர்கள். எல்லோரும் ஓவியத்தைத் தேடி ஓடும் அஜந்தாவில், 24ஆம் குகையில் நிதானமாக நில்லுங்கள். பாதியில் நின்ற தூண்களும் உளித்தடமும் வேலை நடந்த விதத்தைக் கண்முன் காட்டும். எல்லோராவுக்குச் செவ்வாய், அஜந்தாவுக்குத் திங்கள் விடுமுறை. நாள் பார்த்துக் கிளம்புங்கள். எல்லோராவில் கோயிலுக்குப் பக்கத்துப் பாதையில் மேலேறி ஒருமுறை கீழே பாருங்கள். சிற்பிகள் வேலையைத் தொடங்கிய உயரம் அதுதான்.

மராட்டியம் வரை போக முடியவில்லையா? கோவில்பட்டிக்குப் பக்கத்தில் கழுகுமலை இருக்கிறது. அங்குள்ள வெட்டுவான் கோயிலும் அதே 8ஆம் நூற்றாண்டு, அதே முறை; செய்தவர்கள் பாண்டியர்கள். சிகரத்தில் சிவனும் உமையும் நந்தியும் கணங்களும் நகாசு குறையாமல் அமர்ந்திருக்க, கீழ்ப்பகுதி இன்னும் வெறும் பாறை. மேலிருந்து இறங்கிய உளி எந்த இடத்தில் நின்றது என்று விரல் நீட்டிக் காட்டிவிடலாம்!